இரண்டு சுழிப் பனி

எங்கள் வாயில் ஒரு கோளாறு உண்டு. மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒன்றுபோலத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் மலையாள வாத்தியார் இதற்காகவே என் காதைத் திருகியிருக்கிறார். மலையாளத்தில் பணி என்றால் வேலை, பனி என்றால் காய்ச்சல். பாலக்காட்டுக்குக் கிழக்கே, பெருமாட்டிப் பக்கம், வீட்டில் தமிழும் ஆபீசில் மலையாளமுமாகக் காலம் தள்ளுகிற எங்களுக்கு இந்த இரண்டு சொற்களும் தினமும் வேண்டும். காய்ச்சல் வந்தால் காய்ச்சல் என்றும் சொல்வோம், பனி என்றும் சொல்வோம். அதனால் யாருக்கும் ஒரு நட்டமும் வந்ததில்லை என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

கஞ்சிக்கோட்டில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக உருட்டுகிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன் நான். மீசை முளைத்த கையோடு உள்ளே போனேன், அங்கேயே நரைத்தேன். அப்பாவின் நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டான். "மண்ணுல பொரளறவன் பொரளட்டும், நமக்குக் கம்பெனி இருக்குது" என்று அவன் காதுபடவே சொல்லித் திரிந்தேன். இன்றைக்கு அதே அண்ணன் தோப்பில் தென்னைக்குப் பாத்தி வெட்டிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது ஊரில் எனக்குப் பேரே கம்பெனிக்காரர்தான். டீக்கடையில் போய் நின்றால் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்கள். விசேஷ வீட்டுக்குப் போனால், "கம்பெனிக்காரரு வந்துட்டாருங்க, எலை போடுங்க" என்று ஒரு குரல் வரும். அந்த 'ங்க'வுக்காகவே ஞாயிற்றுக்கிழமையும் யூனிபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போயிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அப்போது கூசவே இல்லை, அதுதான் விஷயம்.

என் கூட்டாளியும் அதே கம்பெனிதான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனாலும் 'மாப்ள' என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வோம். உருளைக்கு இந்தப்பக்கம் நானும் அந்தப்பக்கம் அவனும் இடுக்கி பிடித்து நிற்போம். பழுத்துச் சிவந்த கம்பி பாய்ந்து வரும். என் பக்கம் வந்தால் அவன் கத்துவான், அவன் பக்கம் போனால் நான் கத்துவேன். அந்தச் சத்தத்தை நம்பித்தான் இரண்டு பேரும் கைகால் சேதமில்லாமல் இத்தனை வருஷம் வீடு திரும்பினோம். மற்றபடி அவன் அதிகம் பேசமாட்டான். நான் பேசுவேன், அவன் சிரிப்பான்.

பக்கத்துக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. கரண்டு சார்ஜ் கட்டுப்படியாகவில்லை என்றார்கள், வெளியிலிருந்து கம்பி மலிவாக வந்து இறங்குகிறது என்றார்கள். நம் கம்பெனிக்கு அதெல்லாம் வராது என்று நான் தலையிலடித்துச் சத்தியம் செய்யாத குறை. ஒரு திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் வரவில்லை. டிரைவருக்குப் போன் போட்டேன்.

"கேட்டுல பூட்டுத் தொங்குதுங்க. மெயின்டனன்ஸ்னு எழுதி ஒட்டியிருக்காங்க" என்றார்.

மெயின்டனன்ஸாம், மண்ணாங்கட்டி! இரும்பு உருக்கும் அடுப்பை அணைத்துவிட்டு எந்த மடையன் மெயின்டனன்ஸ் பார்ப்பான்? அது தெரிந்தும் மனைவியிடம், "ரெண்டு வாரத்துல தொறந்துருவாங்க. அதுவரைக்கும் வெளியே மூச்சு விடாதே" என்று சொல்லிவிட்டு, சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். பகல் பத்து மணிக்கு வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. எங்கே உட்கார்ந்தாலும் அவள் பெருக்குகிற இடமாகவே இருந்தது.

பக்கத்து வீட்டுச் சேச்சி ஆஷா என்கிற சுகாதார வேலை பார்க்கிறவர். யாருக்குக் காய்ச்சல், எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, எந்தக் குழந்தைக்கு ஊசி பாக்கி என்று வீடு வீடாகப் பார்த்து ஆசுபத்திரியில் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. நல்ல மனுஷி. மலையாளத்தில் தமிழைப் பிசைந்து பேசுவார். வாசலில் என் செருப்பைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டன் இன்னைக்குப் போயில்லே? செருப்பு இவிடக் கிடக்குதே?"

ஏட்டன் என்றால் அண்ணன், என்னைத்தான் கேட்டார். என் மனைவிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தடுமாறி, தனக்குத் தெரிந்த மலையாளத்தில், "அவருக்குப் பணியுண்டு சேச்சி" என்றாள். அவருக்கு வேலை இருக்கிறது, போய்விட்டார் என்று அர்த்தம். ஆனால் எங்கள் வாய்தான் தெரியுமே.

"அய்யோ, பனியோ! எத்ர நாளாயி?" என்று சேச்சி வாசலைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார்.

நான் கட்டிலில் பாய்ந்து போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டேன். ஐம்பதைத் தொடப் போகிற ஆம்பிளை! சேச்சி என் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தார். "இப்போ குறஞ்ஞிருக்கு" என்று தாமே ஒரு முடிவுக்கு வந்தார். தலை வலிக்கிறதா, கால் சதை வலிக்கிறதா, கண் எரிகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் முனகினேன். பிறகு வெளியே போய் எங்கள் செடித்தொட்டி, கொட்டாங்குச்சி, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "இப்படி வெச்சா பனி வராம பின்னே?" என்று என் மனைவியை ஒரு பாட்டம் திட்டினார். மத்தியானம் கஞ்சியும் சுட்ட பப்படமும் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் தெருவுக்கே புகை அடித்தார்கள்.

"உன்ற மலையாளத்துல தீயை வெக்க! மூணு சுழி எங்கடி போச்சு?" என்று கத்தினேன்.

"ஏனுங்க, நான் மூணு சுழியாத்தானுங்க சொன்னேன். அவங்க காதுல ரெண்டா உழுந்தா நான் என்னுங்க பண்றது? நீங்களே போய்ச் சொல்லுங்க, கம்பெனி மூடிட்டாங்கன்னு."

அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல்காரனாகவே படுத்திருந்தேன். வேலை போனவன் என்பதைவிடக் காய்ச்சல்காரன் என்பது எனக்குக் கௌரவமாக இருந்தது.

கம்பெனி போனது எத்தனை நாள் மறைந்திருக்கும்? ஊருக்குத் தெரிந்தது, அண்ணனுக்குத் தெரிந்தது, சேச்சிக்கும் தெரிந்தது. அவர் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. பிறகு அவரே நினைத்து நினைத்துச் சிரித்தார். நானும் என் மானக்கேட்டை டீக்கடையில் கதையாகச் சொன்னேன். அழுவதற்குப் பதில் சிரிப்பது எனக்குச் சுலபம். "மாப்ள, மூணு சுழி போச்சு, ரெண்டு சுழி வந்துருச்சு!" என்றேன். எங்கள் ஊர்ப் பக்கமிருந்து அதே கம்பெனிக்குப் போனவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் கூட்டாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அன்றிலிருந்து அதுவே எங்களுக்குள் பேச்சாகிவிட்டது. "எப்படி மாப்ள, பனி விட்டுச்சா?" "எங்க விடறது, நெம்பக் கடுமையா இருக்குது." போனை எடுத்தால் அதுதான் முதல் வார்த்தை.

அவனும் நானும் ஒருமுறை கஞ்சிக்கோட்டுக்குப் போய்ப் பார்த்தோம். கேட்டுக்கு முன்னால் நாய் கால் நீட்டிப் படுத்திருந்தது. லாரிகள் ஓடின நாளில் அங்கே படுத்தால் உயிர் போயிருக்கும், இப்போது நட்டநடு ரோட்டில் தூக்கம். எங்களோடு வேலை செய்த பீகார்ப் பையன்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டார்கள். அவர்கள் இருந்த லைன் வீடுகளில் 'வாடகைக்கு' என்று தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் எழுதி வைத்திருந்தது. ஷிப்ட் விட்டதும் நாங்கள் முண்டியடிக்கும் பரோட்டாக் கடையில் கல்லைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். புதிதாகத் திறந்திருந்தது ஒரு லாட்டரிக் கடை. கடைக்காரர் எங்கள் சட்டையைப் பார்த்து, "எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டார். கூட்டாளி விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தச் சட்டையைப் போட்டு நான் பார்க்கவில்லை. நான் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்களில் ஒருவர், கிரேன் ஓட்டியவர், பஞ்சாயத்தில் தொழிலுறப்பு வேலைக்கு, அதாவது நூறு நாள் வேலைக்கு, பேர் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் அது பெரும்பாலும் பொம்பளைகள் போகிற வேலை. வரப்பு வெட்டுவது, குளம் தூர் வாருவது. ஒருநாள் அவர் கால் நிறையச் சேற்றோடு டீக்கடைக்கு வந்தார். நான் எழுந்து நின்று சல்யூட் அடித்தேன்.

"வாங்க, மம்புட்டி எஞ்சினியர்! இன்னிக்கு என்ன ஷிப்டுங்க? ஏயா, பியா? உங்க டிபார்ட்மெண்டுல சேலை யூனிபார்மா?"

கடையே சிரித்தது. அவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. நான் திரும்பி என் கூட்டாளியைப் பார்த்தேன். அவனும் சிரித்தான். சிரித்த மாதிரிதான் இருந்தது.

மழை பிடித்தது. கூட்டாளி டீக்கடைக்கு வருவது குறைந்தது. போன் செய்தால் எடுக்கமாட்டான். சாயங்காலம் அவனே கூப்பிட்டு, "தூங்கிட்டேன் மாப்ள" என்பான். சரி, ஆளுக்கு மனசு விட்டுப்போச்சு, கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அவன் மனைவியை ரேஷன் கடையில் பார்த்தேன். முகம் வாடியிருந்தது.

"எங்க அம்மிணி, ஆளையே காணோம்?"

"அவருக்குப் பனிங்கண்ணா. எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. கால் சதையெல்லாம் புடுங்கி எடுக்குதுங்கறாரு."

நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். ரேஷன் கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அது எல்லாக் கம்பெனிக்காரனுக்கும் இருக்கற பனிதான் அம்மிணி. நாள் முச்சூடும் படுத்தே கெடந்தா சதை வலிக்காம என்ன பண்ணும்? கேட்டைத் தொறந்தாங்கன்னா தானா எந்திரிச்சு ஓடுவான் பாரு."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தது போல இருந்தது. "செரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் பேச்சு ஆம்பிளைகளோடு டீக்கடையில் நடக்கிற பேச்சு. அது அவளுக்குத் தெரியாது என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

இதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. அன்று சாயங்காலமே சேச்சி ஸ்கூட்டரை என் வீட்டு முன்னால் நிறுத்தினார். தோளில் அவருடைய மாத்திரைப் பை தொங்கியது.

"உங்க கூட்டுகாரன் வீட்டில பனியாணுன்னு ஆரோ சொன்னாங்க. நான் போய் நோக்கணுமா? மழைக்காலமாச்சே."

"மாத்திரை குடுக்கற பனி இல்லீங்க சேச்சி" என்றேன். "இது கம்பெனிப் பனி. அன்னிக்கு எனக்கு வந்துச்சே, அதே."

சேச்சி தலையில் அடித்துக்கொண்டார். "நிங்ஙளெக்கொண்டு தோற்று!" என்று சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைத் திருப்பித் தம் வீட்டுக்குப் போனார். உங்களோடு என்னால் ஆகாதப்பா என்று அர்த்தம். நானும் சிரித்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். என் மனைவி மட்டும், "ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வரலாமுல்லீங்க?" என்றாள். மழை விடட்டும் என்றேன்.

மழை விட்டபோது அவனுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. ஆட்டோவில் தாலுகா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருச்சூர் மெடிக்கல் காலேஜுக்கு. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முகம் ஊதிக் கிடந்தான். "மாப்ள" என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். சிரிக்கிறானா வலியில் உதட்டை இழுக்கிறானா என்று தெரியவில்லை.

சேச்சிதான் எனக்கு விவரம் சொன்னார். "எலிப்பனி. எலி மூத்திரம் கலந்த சேத்துத் தண்ணி காலில உள்ள காயம் வழியா உள்ள போகும். சேத்தில இறங்கினானோ?"

"அவன் எதுக்குங்க சேத்துல இறங்கறான்? கம்பெனிக்காரன் சேச்சி அவன்!" என்று நான் சண்டைக்கே போனேன். ஆமாம், அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

"சேத்துப் பணிக்குப் போறவங்களுக்கெல்லாம் வாரம் தோறும் நான் மாத்திரை குடுக்கறேன். அன்னைக்கும் பையில இருந்தது" என்றார் சேச்சி. என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தேவலை.

சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். அவன் வீட்டுக்கு உயிரோடு திரும்பவில்லை.

கம்பெனி ஆட்களுக்குத் தகவல் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பொள்ளாச்சிக்குப் போய்விட்ட எலக்ட்ரீஷியனுக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

"மாப்ள போயிட்டான்" என்றேன்.

"எங்க போயிட்டான்? கம்பெனி தொறந்துட்டாங்களா?" என்றான் அவன், அவ்வளவு ஆசையாக.

"இல்லடா. பனி..." என்று இழுத்தேன்.

அவன் சிரித்தான். "அட, நமக்கெல்லாம் பனி விட்டாத்தானே? எனக்கு இங்கயும் கடும் பனி மாப்ள!"

என் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. "காய்ச்சல்டா" என்று கத்தினேன். "காய்ச்சல்ல செத்துப்போயிட்டான்டா." அதற்கப்புறம் கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் எடுத்தவுடனே காய்ச்சல் என்று சொன்னேன். இன்றுவரை வீட்டில் யாரும் அந்த இரண்டு சுழிச் சொல்லைச் சொல்ல நான் விடுவதில்லை.

சாவு வீட்டுக்குக் கிரேன் ஓட்டியவரும் வந்திருந்தார். பாடை கட்டுகிற வேலையில் எனக்கு எதிரே நின்று கயிற்றை இழுத்துப் பிடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபிறகு நானும் என் மனைவியும் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி காப்பி வைத்துக் கொடுத்தாள். என் மனைவி ஏதேதோ ஆறுதல் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேனுங்க. அன்னிக்கு ரேஷன் கடையில நான் சொன்னதுக்குச் சிரிச்சீங்களே, எதுக்குங்க சிரிச்சீங்க?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இத்தனை நாளும் அதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். செருப்பு, தெர்மாமீட்டர், போர்வை, மூன்று சுழி, இரண்டு சுழி, டீக்கடை எல்லாவற்றையும். ஊரே சிரித்த கதையைத் தாலி இறக்கிய ஒரு பொம்பளைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். சேச்சியைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் மனைவி முழுசாகக் கேட்டாள். அழவில்லை.

"அவரு வாய்க்கால் தூர் வாரத்தாங்கண்ணா போயிட்டிருந்தாரு" என்றாள். "கொல்லங்கோட்டுப் பக்கம். இங்க ஆருக்கும் தெரியக்கூடாதுன்னு காத்தால இருட்டோட போயிட்டு, அங்கயே குளிச்சுட்டுத்தான் ஊட்டுக்கு வருவாரு. கால்ல கண்ணாடி கிழிச்சிருந்துச்சுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அம்மிணி" என்றேன்.

"நான் சொன்னேனுங்க. சேத்துல எறங்கறீங்க, சேச்சிகிட்ட அந்த மாத்திரையாவது வாங்கியாறேன்னு. வேண்டான்னுட்டாருங்க. அவங்க உங்க பக்கத்து ஊடுதானே, உங்க காதுல உழுந்துருமாம். மாப்ள சிரிப்பான், அதை மட்டும் என்னால தாங்க முடியாதுன்னாருங்க."

பிறகு என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"காப்பி ஆறிப்போச்சுங்கண்ணா. குடுங்க, சுட வெச்சுத் தாரனுங்க."